புஷ்ராடுக்கு எந்த கார்பன் டியூப்? வாசகர் கேள்வி – பதில்

மாதிரி விமானப் பகுதிக்கு இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன. சர்வோவையும் (ரேடியோ கட்டளைப்படி திரும்புகிற சின்ன மோட்டார்) வாலில் உள்ள எலிவேட்டர், ரட்டர் மடல்களையும் இணைக்கிற கோலான புஷ்ராடுக்கு எந்த கார்பன் ஃபைபர் டியூப் வாங்குவது, வாங்கியதை எப்படி மாட்டுவது என்பதுதான் அது. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கே: ஒன்றரை மீட்டர் இறக்கை உள்ள பால்சா மர டிரெய்னர் (பழகுவதற்கான விமானம்) கட்டிக்கொண்டிருக்கிறேன். சர்வோவிலிருந்து, எலிவேட்டரில் ராடு மாட்டுகிற ஹார்ன் வரை 60 செ.மீ. தூரம். கடையில் 2 மி.மீ. கெட்டி ராடு, 3×2, 4×3, 5×3 டியூப் (வெளிவிட்டம்×உள்விட்டம், மி.மீ.) எல்லாம் இருக்கின்றன. இதில் எது ரொம்ப வலுவானது?
– வாசகர், கோவை

வலுவைப் பார்த்தால் எல்லாமே போதும். இதில் எந்த ஒன்றையும் உங்கள் சர்வோவால் இழுத்து அறுக்க முடியாது. புஷ்ராடு இழுக்கும்போது தோற்பதில்லை, தள்ளும்போது பக்கவாட்டில் வில்லாக வளைந்துதான் தோற்கிறது. ஒரு ஈர்க்குச்சியை இரண்டு முனையிலும் பிடித்து உள்நோக்கி அழுத்திப் பாருங்கள், உடையாது, சட்டென்று வளையும், அதற்கு மேல் அது தள்ளுகிற வேலையைச் செய்யாது. விமானம் தரையில் நிற்கும்போது எலிவேட்டர் அழகாக மேலும் கீழும் போகும். வேகமாகக் கீழே பாய்ந்து வரும்போது காற்றின் அழுத்தத்தில் ராடு நடுவில் வளைந்து, நீங்கள் ஸ்டிக்கை முழுதாக இழுத்தும் எலிவேட்டர் பாதிதான் திரும்பும். ரேடியோ கோளாறு என்று சொல்லப்படும் பல விபத்துகளில் இதையும் ஒரு காரணமாகச் சந்தேகிக்க வேண்டும் என்பது என் கருத்து.

வளையாமல் எவ்வளவு தள்ளும் என்பதற்கு ஆய்லர் எழுதி வைத்த சூத்திரம் இருக்கிறது. அதிலிருந்து நமக்கு வேண்டியது இரண்டே விஷயம். நீளம் இரண்டு மடங்கானால் தாங்கும் விசை கால்வாசியாகிவிடும். அப்புறம், வெளிவிட்டம் கொஞ்சம் கூடினாலே விறைப்பு பல மடங்கு கூடும், ஏனென்றால் விட்டம் அங்கே நான்காம் அடுக்கில் வருகிறது.

நீளவாக்கில் இழை ஓடுகிற சாதாரண புல்ட்ரூடட் டியூபுக்கு, விறைப்பு எண் சுமார் 130 ஜிகாபாஸ்கல் என்று வைத்து, 60 செ.மீ. நீளத்துக்கு, நடுவில் எந்த சப்போர்ட்டும் இல்லாமல் கணக்குப் போட்டால் வருவது இது. 2 மி.மீ. கெட்டி ராடு 280 கிராம் விசையிலேயே வளைந்துவிடும். 3×2 டியூப் சுமார் 1.15 கிலோ தாங்கும். 4×3 டியூப் 3.1 கிலோ. 5×3 கிட்டத்தட்ட 9.7 கிலோ. 2 மி.மீ. கெட்டி ராடையும் 3×2 டியூபையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: எடை கால் பங்குதான் கூடுகிறது, விறைப்பு 4 மடங்காகிறது. நீளமான ஓட்டத்துக்குக் கெட்டி ராடு வாங்காதீர்கள் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

இனி உங்கள் சர்வோவைப் பார்ப்போம். இந்த அளவு டிரெய்னரில் ஸ்டாண்டர்ட் சர்வோ இருக்கும். 4.8 வோல்ட்டில் சுமார் 3.2 கிலோ-செ.மீ. முறுக்கு என்று வைத்து, ஆர்மில் மையத்திலிருந்து 12 மி.மீ. தள்ளியுள்ள ஓட்டையில் மாட்டினால், அது ராடை அதிகபட்சம் 2.7 கிலோ விசையில் தள்ளும். ராடு இதைப் போல இரண்டு மூன்று மடங்காவது தாங்க வேண்டும். கணக்கு நேரான ராடுக்கு, நடுமையத்தில் வரும் விசைக்கு மட்டும்தான் சரி. நிஜத்தில் டியூப் லேசாகக் கோணியிருக்கும், முனையில் கம்பியை வளைத்திருப்பீர்கள், விசை சற்றுத் தள்ளித்தான் விழும், எல்லாம் சேர்ந்து சீக்கிரமே வளைய வைக்கும்.

ஆக, உங்களுக்கு என் பரிந்துரை 4×3 டியூப், சரியாக நடுவில் ஒரு சப்போர்ட். சப்போர்ட் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, ஃபார்மரில் (உடலுக்குள் இருக்கும் குறுக்குத் தட்டு) ஓட்டை போட்டு, டியூப் உரசாமல் வழுக்கிப் போகிற மாதிரி ஒரு துண்டு பிளாஸ்டிக் குழாயை ஒட்டிவிட்டால் போதும். பால்சா ஓட்டையில் நேரடியாக விடாதீர்கள், நாளடைவில் இரண்டுமே தேயும். நடுவில் தாங்கியதும் வளைகிற நீளம் பாதியாகிறது, 4×3 டியூப் 12 கிலோ வரை போய்விடுகிறது. எடை வெறும் 5 கிராம் சொச்சம். 5×3 போட்டால் சப்போர்ட் இல்லாமலே ஓடும், ஆனால் 12 கிராம் ஆகும். சுவர் தடிமனைப் பார்த்து மயங்க வேண்டாம்: 4×2 டியூப் 4×3-ஐ விட 70 சதவீதம் எடை கூடியது, விறைப்போ 37 சதவீதம்தான் கூடியது. காசையும் எடையையும் வெளிவிட்டத்தில் போடுங்கள். அதற்காக அரை மில்லிமீட்டருக்கும் கீழே சுவர் மெலிந்தால் கையில் அழுத்தியே நசுக்கிவிடலாம், அங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று, இதற்குக் காசே செலவில்லை. ஹார்னை எலிவேட்டரின் மேல்பக்கம் பொருத்த முடியுமா என்று பாருங்கள். மேலே இருந்தால் எலிவேட்டரை மேலே தூக்க ராடு இழுக்கும், கீழே இருந்தால் தள்ளும். பாய்ந்து வரும் விமானத்தை நிமிர்த்துகிற அந்த நொடியில்தான் சுமை உச்சத்தில் இருக்கும். அப்போது ராடு இழுவையில் இருந்துவிட்டால் வளைகிற பேச்சே கிடையாது.

பொருத்தி முடித்ததும் ஒருவரை எலிவேட்டரை விரலால் லேசாகப் பிடிக்கச் சொல்லி, நீங்கள் ஸ்டிக்கை இரு பக்கமும் அசைத்து, ராடின் நடுப்பகுதியைக் கவனியுங்கள். அங்கே வளைவு தெரிந்தால் விமானத்தைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குப் போகாதீர்கள்.

கே: எங்கள் கல்லூரி அணி எஸ்.ஏ.இ. ஏரோ டிசைன் போட்டிக்குத் தயாராகிறது. 2 மி.மீ. ஸ்டீல் கம்பியே போதும், கார்பன் எல்லாம் வெறும் பந்தா என்கிறார் சீனியர். உண்மையா?
– பொறியியல் மாணவி, சென்னை

ஓட்டம் எவ்வளவு நீளம் என்று எழுதவில்லை, அதனால் இரண்டு விதமாகவும் சொல்கிறேன். இறக்கையில் சர்வோவை வைத்து 10 செ.மீ. தள்ளியிருக்கும் எய்லரானுக்கு (இறக்கையில் உள்ள மடல்) ராடு போடுகிறீர்கள் என்றால் உங்கள் சீனியர் சொல்வது சரி. அந்த நீளத்தில் 1.2 மி.மீ. ஸ்டீல் கம்பியே 2 கிலோ தாங்கும், 9 கிராம் சர்வோ தள்ளக்கூடியதே 2 கிலோவுக்குள்தான், 1.5 மி.மீ. போட்டால் நிம்மதியாகத் தூங்கலாம். அங்கே கார்பன் தேவையே இல்லை.

வாலுக்குப் போகிற 60 செ.மீ. ராடில் நிலைமை வேறு. 2 மி.மீ. ஸ்டீல் அந்த நீளத்தில் 450 கிராம் விசையில் வளையும், எடையோ 15 கிராம். 4×3 கார்பன் அதில் மூன்றில் ஒரு பங்கு எடையில் 7 மடங்கு தாங்குகிறது. வால் பக்கம் கூடுகிற ஒவ்வொரு கிராமுக்கும் ஈடாக மூக்கில் அதைவிட அதிகமாக ஈயம் வைக்க நேரும், மூக்கின் தூரம் குறைவு என்பதால். சரக்கு எடைக்கு மதிப்பெண் தருகிற போட்டியில் அது உங்கள் கையிலிருந்து போகிற மதிப்பெண்.

விதிப்புத்தகத்தையும் பார்த்துவிடுங்கள். அமெரிக்காவில் நடக்கும் எஸ்.ஏ.இ. போட்டியின் ரெகுலர் பிரிவில் இழை கலந்த பிளாஸ்டிக்கை விமானத்தில் பயன்படுத்தக் கூடாது என்ற தடை பல ஆண்டுகள் இருந்தது, ஆனால் மோட்டார் மவுண்ட், புரொப்பெல்லர், லேண்டிங் கியர், கன்ட்ரோல் லிங்கேஜ் ஆகியவற்றைக் கடையில் கிடைக்கும் பொருளாக வாங்கிப் போட விலக்கும் இருந்தது. நீங்கள் கலந்துகொள்கிற ஆண்டின் விதியை வரி வரியாகப் படித்து, சந்தேகம் இருந்தால் அமைப்பாளர்களுக்கே எழுதிக் கேளுங்கள்.

கே: ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன். ஃபோம் போர்டில் விமானம் செய்கிறேன். கார்பன் டியூப் வாங்கப் பணம் இல்லை. மூங்கில் குச்சி போடலாமா அண்ணா?
– பள்ளி மாணவன், தஞ்சாவூர்

தாராளமாகப் போடு தம்பி. 3 மி.மீ. மூங்கில் குச்சி 30 செ.மீ. ஓட்டத்துக்கு, நடுவில் ஒரு சப்போர்ட் வைத்தால், 9 கிராம் சர்வோ தள்ளுகிற விசையைத் தாங்கிவிடும். கணு இல்லாத, நேரான குச்சியாகப் பொறுக்கி எடு. இரண்டு முனையிலும் 1.2 மி.மீ. கம்பியை 3 செ.மீ. அளவுக்குக் குச்சியோடு சேர்த்து வைத்து, நூலால் நெருக்கமாகச் சுற்றி, மேலே அரால்டைட் பூசிக் காயவிடு. கார்பன் வருவதற்கு முன்னால் பெரிய மாதிரி விமானங்களில்கூட பால்சா கட்டையிலும் மரக்குச்சியிலும் இப்படி நூல் சுற்றித்தான் புஷ்ராடு செய்தார்கள், அருமையாகவே பறந்தன. மழை ஈரம் படாமல் குச்சிக்கு வார்னிஷ் அடித்துவிடு, அவ்வளவுதான். பறந்த பிறகு எழுது, போட்டோவும் அனுப்பு.

கே: இணையத்தில் மலிவாக 4×3 'கார்பன்' டியூப் வாங்கினேன். கறுப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் கொழகொழவென்று வளைகிறது. ஏமாந்துவிட்டேனா?
– வாசகர், திருநெல்வேலி

கறுப்புச் சாயம் கலந்த கிளாஸ் ஃபைபராக இருக்க வாய்ப்பு அதிகம். கண்டுபிடிப்பது சுலபம். டியூபின் இரண்டு முனையையும் உப்புத்தாளில் தேய்த்து மேலே இருக்கும் பிசினை எடுத்துவிட்டு, மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து இரு முனையையும் தொடுங்கள். கார்பன் என்றால் மின்சாரம் பாயும், குறைந்த ஓம் காட்டும். கிளாஸ் என்றால் ஒன்றுமே காட்டாது. முனையைத் தேய்க்காமல் சோதித்துவிட்டு நல்ல கார்பனையே போலி என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள், பிசின் மின்சாரத்தைக் கடத்தாது.

எடை போட்டும் பார்க்கலாம். ஒரு மீட்டர் 4×3 கார்பன் டியூப் 9 கிராம் அளவில் இருக்கும், கிளாஸ் 11 கிராம் வரை போகும். நகைக்கடைத் தராசு மாதிரி சின்ன டிஜிட்டல் தராசு இருந்தால் இந்த வித்தியாசம் தெரியும். ஆனால் டியூபின் அளவே முன்னே பின்னே இருக்கும் என்பதால் நான் மல்டிமீட்டரைத்தான் நம்புவேன்.

கிளாஸ் என்று தெரிந்தால் தூக்கிப் போட வேண்டாம். அதன் விறைப்பு கார்பனில் மூன்றில் ஒரு பங்குதான், அதனால் நீள ராடுக்கு ஆகாது. குட்டையான ஓட்டத்துக்கும், ஆன்டெனாவுக்குப் பக்கத்தில் வரும் இடங்களுக்கும் அது நல்ல பொருள்.

துணி நெய்தது போன்ற கட்டம் வெளியே பளபளவென்று தெரிகிற டியூபையும் பலர் கேட்கிறார்கள். அந்தக் கட்டம் பெரும்பாலும் வெளி அடுக்கு மட்டும்தான், உள்ளே என்ன இருக்கிறது என்பதை அது சொல்லாது. குறுக்கே ஓடும் இழை இருப்பதால் நீளவாக்கில் பிளக்காது, நசுங்காது, அது நிஜமான நன்மை. ஆனால் புஷ்ராடுக்கு வேண்டியது நீளவாக்கு விறைப்பு, அதற்கு விலை குறைந்த சாதாரண புல்ட்ரூடட் டியூபே மேல்.

கே: டியூப் நன்றாக இருக்கிறது. முனையில் ஒட்டிய கம்பிதான் கழன்று கழன்று வருகிறது. ஃபெவிக்விக் விட்டுத்தான் ஒட்டுகிறேன்.
– வாசகர், மதுரை

இந்த மாதக் கடிதங்களிலேயே முக்கியமான கடிதம் உங்களுடையது. டியூபின் அளவைப் பற்றி எல்லோரும் மணிக்கணக்கில் பேசுகிறார்கள், முனையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நல்ல டியூப் நடுவில் உடைந்து விமானம் விழுவது அபூர்வம். முனை கழன்று விழுவதுதான் வாடிக்கை, அதுவும் எலிவேட்டர் முனை பறக்கும்போது கழன்றால் அந்த விமானம் எங்கே இறங்கும் என்று யார் கையிலும் இல்லை. மைதானத்தில் பிள்ளைகள் நிற்கிறார்கள். அதனால் இதை அவசரத்தில் செய்யாதீர்கள்.

முதலில் பசை. தண்ணீர் மாதிரியான அந்த உடனடிப் பசை காய்ந்தால் கண்ணாடி போல ஆகிவிடும், அதிர்வில் விரிசல் விடும். இடைவெளி இருந்தால் நிரப்பவும் செய்யாது. மெதுவாகக் காய்கிற அரால்டைட் போன்ற எபாக்சி போடுங்கள், ஒரு ராத்திரி முழுக்கக் காயவிடுங்கள். 5 நிமிட எபாக்சி அவசரத்துக்குச் சரி, ஆனால் சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் விமானம் கிடந்தால் அது இளகிவிடும்.

அடுத்தது மேற்பரப்பு. டியூபின் உட்புறம் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே வழுவழுப்பாக இருக்கும், சில சமயம் அச்சிலிருந்து வந்த மெழுகு போன்ற பூச்சும் இருக்கும். அதன் மேல் எந்தப் பசையும் பிடிக்காது. மெல்லிய உருண்டை அரத்தையோ, ஒரு கம்பியில் சுற்றிய உப்புத்தாளையோ உள்ளே விட்டு முனையிலிருந்து 2 செ.மீ. வரை நன்றாகச் சுரண்டி, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சால் துடையுங்கள். உள்ளே போகிற கம்பியையும் அரத்தால் குறுக்கும் நெடுக்கும் கீறிவிடுங்கள். அதைத் துடைத்த பிறகு விரலால் தொடாதீர்கள்.

இனி கம்பி. டியூபுக்குள் 15 முதல் 20 மி.மீ. வரை போக வேண்டும், ஆடாமல் ஒட்டி நிற்க வேண்டும். 3×2 டியூபுக்கு நம் ஊரில் கிடைக்கும் மிகச் சிறந்த முனை சைக்கிள் போக்ஸ் கம்பிதான். 2 மி.மீ. தடிமன் உள்ளதாகப் பார்த்து வாங்கி, மரை உள்ள முனையை 5 செ.மீ. அளவுக்கு வெட்டி எடுத்தால், உள்ளே போக 2 செ.மீ., வெளியே 3 செ.மீ. அந்த மரை அங்குலத்துக்கு 56 சுற்று, அதனால் 2-56 அளவு கிளெவிஸ் (ஹார்னில் மாட்டுகிற கவ்வி) அதில் ஏறும், கொஞ்சம் இறுக்கமாகவே ஏறும், அது நல்லதுதான். எம்2 கிளெவிஸை அதில் திணிக்காதீர்கள், மரை வேறு. 4×3 டியூப் என்றால் உள்விட்டத்தை நிரப்ப 3 மி.மீ. வெளிவிட்டமுள்ள பித்தளைக் குழாய்த் துண்டுக்குள் 2 மி.மீ. கம்பியைப் பற்றவைத்து, அதைச் சேர்த்து டியூபுக்குள் ஒட்டுங்கள். கார்பனுக்குள்ளேயே மரை போடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். கூடாது. இழை அறுபடும், டியூப் பிளக்கும்.

கடைசியாக, டியூபின் முனைக்கு வெளியே ஒன்றரை செ.மீ. நீளத்துக்கு நூலை ஒன்றோடொன்று ஒட்டியபடி இறுக்கமாகச் சுற்றி மேலே எபாக்சி தடவுங்கள். கெவ்லார் நூல் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் சாக்கு தைக்கிற பாலியஸ்டர் நூல் போதும். புல்ட்ரூடட் டியூபில் எல்லா இழையும் நீளவாக்கில் மட்டுமே ஓடுகிறது, அவற்றைக் குறுக்கே சேர்த்துப் பிடிப்பது வெறும் பிசின், அதனால்தான் முனை பிளக்கிறது. இந்த நூல் சுற்று அதைத் தடுக்கும். காய்ந்ததும் ஒரு முனையைக் கொக்கியில் மாட்டி, மறுமுனையில் 5 கிலோ அரிசிப் பையைத் தொங்கவிட்டுப் பாருங்கள். தாங்கினால் விமானத்தில் போடுங்கள்.

கே: என் மகன் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து இந்தக் கறுப்புக் குழாயை அறுக்கிறான். கறுப்பாகத் தூள் பறக்கிறது. இதனால் ஆபத்து இல்லையா?
– ஒரு தாய், சேலம்

சரியான நேரத்தில் கேட்டீர்கள் அம்மா. பொழுதுபோக்கை நிறுத்த வேண்டாம், இடத்தையும் முறையையும் மாற்றச் சொல்லுங்கள். அந்த இழை ஒவ்வொன்றும் சுமார் 7 மைக்ரான் தடிமன், தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. தோலில் பட்டால் அரிக்கும், கண்ணையும் தொண்டையையும் உறுத்தும், அறுக்கும்போதும் தேய்க்கும்போதும் வரும் நுண்தூளை மூச்சில் இழுப்பது நல்லதல்ல. சாப்பிடுகிற இடத்தில் கூடவே கூடாது.

வாசலிலோ மொட்டை மாடியிலோ, காற்று முதுகுப் பக்கமிருந்து வரும்படி உட்காரட்டும். என்95 மாஸ்க், கண்ணாடி இரண்டும் கட்டாயம். அறுக்கும் இடத்தில் மாஸ்கிங் டேப் சுற்றி, தண்ணீரில் நனைத்து, பொடிப்பல் ஆக்சா பிளேடால் குழாயை உருட்டி உருட்டிச் சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்தால் தூள் பறக்காது, முனையும் சிதறாது. கட்டிங் பிளேயரால் ஒரே நறுக்காக நறுக்கினால் குழாய் உள்ளே வரை பிளந்துவிடும், அந்தப் பிளவு வெளியே தெரியாமலும் இருக்கும். முடிந்ததும் ஈரத் துணியால் துடைத்து, துணியைத் தனியாகப் போட்டுவிடுங்கள். துடைப்பத்தால் பெருக்கினால் தூள் மறுபடி எழும்பும். கையில் சிலாம்பு ஏறினால் அமுக்காமல் சாமணத்தால் எடுக்க வேண்டும். அப்புறம் அவனிடம் ஒன்று சொல்லுங்கள், கட்டாயம் கேட்பான்: அந்தத் தூள் மின்சாரத்தைக் கடத்தும், ரிசீவர், லேப்டாப் பக்கத்தில் அறுத்தால் ஷார்ட் ஆகும்.

கே: இங்கே பனிக்காலத்திலும் பறக்கவிடுவோம், விமானத்துக்குச் சறுக்குக் கட்டை மாட்டி. வீட்டுக்குள் 20 டிகிரியில் டிரிம் செய்து (எலிவேட்டரின் நடுநிலையைச் சரிசெய்து) வெளியே மைனஸ் 10-க்கு எடுத்துப் போனால் எலிவேட்டர் இடம் மாறிவிடுகிறது. நைலான் குழாய்க்குள் ஓடும் நைலான் ராடு போட்டிருக்கிறேன். கார்பன் போட்டால் சரியாகுமா?
– வாசகர், டொரன்டோ

உங்கள் விமானத்தின் உடல் எதனால் ஆனது என்பதைப் பொறுத்தது. நைலான் சூட்டுக்கும் குளிருக்கும் நிறைய நீண்டு சுருங்கும். 70 செ.மீ. நைலான் ராடு 30 டிகிரி குளிர்ந்தால் சுமார் 1.7 மி.மீ. சுருங்கும், ஹார்ன் ஓட்டை 15 மி.மீ. உயரத்தில் இருந்தால் எலிவேட்டர் 6 டிகிரிக்கு மேல் திரும்பிவிடும். அது டிரிம் இல்லை, பாதி லூப். போதாததற்கு நைலான் ஈரத்தையும் உறிஞ்சி நீளும்.

கார்பன் டியூப் நீளவாக்கில் கணக்கில் எடுக்கத் தேவையில்லாத அளவுக்குத்தான் மாறும். பால்சாவும் இழை ஓடும் திசையில் வெப்பத்துக்கு மிகக் குறைவாகவே மாறும், அதே 30 டிகிரிக்கு ஒரு மி.மீ.யில் பத்தில் ஒரு பங்குகூட வராது. ஆகவே பால்சா உடல் என்றால் கார்பனுக்கு மாற்றியதும் உங்கள் பிரச்சினை தீர்ந்தது.

ஃபோம் உடல் என்றால் தீராது! ராடு மாறாமல் நிற்கும், ஃபோம் ஒரு மி.மீ.க்கு மேல் சுருங்கிவிடும், எலிவேட்டர் இந்த முறை எதிர்ப்பக்கம் திரும்பும். ராடு மட்டும் நீளம் மாறாமல் இருந்து பயனில்லை, ராடும் உடலும் சேர்ந்து மாற வேண்டும், அல்லது இரண்டும் மாறாமல் இருக்க வேண்டும். ஃபோமில் சிறந்த வழி சர்வோவையே வாலுக்கு அருகில் கொண்டுபோய் வைத்து ராடை 10 செ.மீ.க்குள் முடித்துவிடுவது. முடியாவிட்டால் உடலின் நீளத்துக்கும் ஒரு கார்பன் பட்டையைப் பதித்து ஒட்டினால் ஃபோம் சுருங்குவதைக் கணிசமாகப் பிடித்துக்கொள்ளும். எதுவானாலும் விமானத்தை அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டு அங்கே டிரிம் செய்யுங்கள். உடனடிப் பசை குளிரில் இன்னும் நொறுங்கும் என்பதால் முனைகளை மதுரைக்காரருக்குச் சொன்னபடி எபாக்சியில் ஒட்டிவிடுங்கள்.

கே: அலுமினிய முனைகளை கார்பன் டியூபில் ஒட்டினேன். சில மாதங்களில் வெள்ளையாகப் பூத்துக் கழன்றுவிட்டது. கடற்கரையில்தான் பறக்கவிடுகிறேன்.
– வாசகர், நாகப்பட்டினம்

உப்புக் காற்றில் அலுமினியமும் கார்பனும் ஒன்றையொன்று நேரடியாகத் தொட்டால் அலுமினியம்தான் அரிபடும், இரண்டும் ஒரு சின்ன பேட்டரி போல வேலை செய்கின்றன. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் முனை போடுங்கள். அலுமினியம்தான் கிடைக்கிறது என்றால், அதன் மேல் முதலில் எபாக்சியை மட்டும் பூசி முழுதாகக் காயவைத்து, பிறகு ஒட்டுங்கள், நேரடித் தொடுதல் இருக்காது. பறந்து வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து வையுங்கள்.

கே: கார்பன் புஷ்ராடு போட்ட பிறகு ரேஞ்ச் (ரேடியோ எட்டும் தூரம்) குறைந்த மாதிரி தெரிகிறது. பிரமையா?
– வாசகர், யாழ்ப்பாணம்

பிரமையாக இருக்காது. கார்பன் மின்கடத்தி, 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை மறைக்கும். ரிசீவர் ஆன்டெனாவின் வேலை செய்யும் பகுதி அந்தக் கடைசி 31 மி.மீ. மட்டும்தான், அது ராடுக்கு இணையாக ஒட்டிக் கிடந்தால் சிக்னல் அடிபடும். ராடிலிருந்து சில செ.மீ. தள்ளி, ராடுக்குக் குறுக்காக நிறுத்துங்கள். இரண்டு ஆன்டெனா உள்ள ரிசீவர் என்றால் ஒன்றுக்கொன்று 90 டிகிரியில். அப்புறம் டிரான்ஸ்மிட்டரை ரேஞ்ச் செக் நிலையில் வைத்து, விமானத்தை நாலா பக்கமும் திருப்பச் சொல்லிச் சோதித்துவிட்டுப் பறக்கவிடுங்கள்.

கே: ஃபிளாப்பை (இறக்கையின் பின்பக்க மடல்) முறுக்கித் திருப்ப இறக்கைக்குள் 4×3 கார்பன் டியூபையே டார்க் ராடாகப் போடலாமா?
– வாசகர், ஓசூர்

புல்ட்ரூடட் டியூப் என்றால் வேண்டாம். தள்ளவும் இழுக்கவும் அவ்வளவு விறைப்பாக இருக்கிற அதே டியூபை இரு கையாலும் முறுக்கிப் பாருங்கள், சுலபமாகத் திரும்பும். முறுக்கை எதிர்க்க இழை 45 டிகிரி சாய்வில் இரு திசையிலும் சுற்றியிருக்க வேண்டும். அப்படிச் சுற்றியதாக விற்பனையாளர் தெளிவாக எழுதியிருந்தால் வாங்குங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு ஃபிளாப்புக்கும் தனிச் சர்வோ வைத்துவிடுங்கள், இன்றைக்குச் சர்வோ விலை அப்படியொன்றும் இல்லை.

கே: 2.2 மீட்டர் பெட்ரோல் விமானம், எலிவேட்டர் ராடு ஒரு மீட்டர். வில்வித்தைக் கடையில் கார்பன் அம்பு கிடைக்கிறது, அதைப் போடலாம் என்கிறார்கள். நம்பலாமா?
– வாசகர், சிங்கப்பூர்

நம்பலாம், பெரிய விமானக்காரர்கள் ரொம்ப நாளாகச் செய்வதுதான். சாதாரண கார்பன் அம்பின் உள்விட்டம் 6.2 மி.மீ. அளவில் இருக்கும், வெளிவிட்டம் அதைவிட ஒரு மி.மீ.க்குச் சற்று அதிகம், மீட்டருக்கு 20 முதல் 25 கிராம். ஆனால் ஒரு அம்பு 75, 80 செ.மீ.தான் வரும். இரண்டை நடுவில் இணைக்காதீர்கள், சர்வோவை அந்த 20 செ.மீ. பின்னால் தள்ளி வைக்க இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அம்போடு வரும் உலோக இன்சர்ட்டில் இருப்பது 8-32 மரை, உங்கள் 4-40 கிளெவிஸுக்குப் பொருந்தாது, அதனால் 2.5 செ.மீ. நீளத்துக்குக் கடின மரத்தைக் கடைந்து, அதன் நடுவில் 4-40 ஸ்டட்டை எபாக்சியில் இறக்கி, அந்த மரத்துண்டை அம்புக்குள் ஒட்டி, வெளியே நூல் சுற்றுங்கள். பெட்ரோல் இன்ஜின் அதிர்வில் நீள ராடு நடுவில் துள்ளும், ஆகவே இரண்டு இடத்தில் சப்போர்ட்.

எய்து பழகிய பழைய அம்பை மலிவாகத் தருகிறார்கள் என்று வாங்கினால், நீளம் முழுக்கப் பஞ்சை ஓட்டிப் பாருங்கள், எங்கேயாவது சிக்கினால் அங்கே இழை பிரிந்திருக்கிறது. அப்புறம் காதருகே வைத்து நாலு திசையிலும் லேசாக வளையுங்கள். சின்னதாக ஒரு சடசடப்பு கேட்டாலும் அந்த அம்பை எலிவேட்டருக்குப் போடாதீர்கள்.